ரீம் தீவுக்குப் போன பெயர்ப்பட்டியல்

திருவண்ணாமலை
28.1.2025

கைலாஷுக்கு,

ஆசீர்வாதம். பெரியப்பா பிள்ளை என்கிற முறைக்காகச் செய்கிற ஆசீர்வாதம்தான் இது. மனசிலிருந்து வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். ஏர்போர்ட்டில் டிராலி மேல் கை வைத்துக்கொண்டு நீ நின்ற படம் வந்ததும் செய்த முதல் வேலை அது. இனி உன்னோடு பேசமாட்டேன் என்று உன் மன்னி தாட்சாயிணியிடம் சொல்லியிருக்கிறேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் தாளில் எழுதிப் பூஜாவிடம் கொடுக்கிறேன். அப்பா சொன்னால் பெண் தட்டமாட்டாள், தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். பதில் எழுதுவதானால் நீயும் தாளில் எழுதி அவளுக்கே அனுப்பு. அந்தச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் எனக்கு வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆதிமூலம் யாருடைய உபயதாரர்? பதினாறு வருஷமாகப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவர் குடும்பத்துக்கு அர்ச்சனை செய்தவன் யார்? கீழ்ப்பென்னாத்தூர் பக்கத்தில் கடலைக் கொல்லையிலிருந்து போன மனுஷர், அபுதாபி எண்ணெய்க் கம்பெனியில் பெரிய இன்ஜினீயர் ஆன பிறகும் ஒவ்வொரு லீவுக்கும் கோயிலுக்கு வந்து, "சரவணன் சாமி இருக்காரா?" என்றுதான் கேட்பார். "கைலாஷ் சாமி இருக்காரா?" என்று ஒருநாள் கேட்டதுண்டா? ஆனால் புது வீடு வாங்கினார், கிரகப்பிரவேசம் வைத்தார், இருபது நாள் தங்குவதற்கு டிக்கெட் மட்டும் உன் பெயருக்கு வந்தது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. ஊர் கேட்கிறது.

இங்கே உன் முறை நாட்களையும் சேர்த்து நான்தான் பூஜை பார்க்கிறேன். நேற்றுக் கூட்டம் ஜாஸ்தி. நின்று நின்று கால் வீங்கி வீட்டுக்கு வந்தால், தாட்சாயிணி பாத்திரத்தில் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். காலை வைக்கப் போகிற நேரத்தில் பக்கத்து வீட்டுக் காசி வந்து உன் ஸ்டேட்டஸைக் காட்டினான். பின்னால் கடல், கடலுக்கு நடுவில் கண்ணாடிக் கட்டடங்கள், முன்னால் நீ, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. குடுமிக்கும் கறுப்புக் கண்ணாடிக்கும் என்ன பொருத்தமடா? பார்த்துக்கொண்டே இருந்ததில் வெந்நீர் ஆறிப்போய்விட்டது.

வேளைக்குச் சாப்பிடு.

சரவணபவன்


அபுதாபி
30.1.2025

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

உன் கடிதத்தைப் பூஜா அனுப்பினாள். கையெழுத்து எவ்வளவு அழகு! திட்டுகிற கையெழுத்து என்று யாரும் சொல்லமுடியாது.

டிக்கெட் எப்படி வந்தது என்று ஊர் கேட்கிறது என்றாயே, ஊருக்கு நீயே சொல்லியிருக்கலாம். தீபம் முடிந்த வாரம் ஆதிமூலம் உனக்குத்தான் முதலில் போன் செய்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வில்வம் ஆய்ந்துகொண்டிருந்தேன். "நீங்க வரணும் சாமி" என்றார். நீ "பாக்கலாம்" என்றாய். பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். "பாக்கலாம், இங்க முறை இருக்கு, சௌகரியப்படணும்" என்றாய். மூன்றாம் தடவை கெஞ்சுவார், அப்போது சரி சொல்லலாம் என்று காத்திருந்தாய். நம் வீட்டில் கல்யாணத்துக்கே மூன்றாம் அழைப்புக்குத்தானே கிளம்புவோம்? ஆனால் அவர் முப்பது வருஷம் கம்பெனியில் வேலை பார்த்தவர். இரண்டு தடவை பாக்கலாம் என்றால் வரவில்லை என்று எடுத்துக்கொண்டார். எனக்குக் கூப்பிட்டார். மலேசியாவுக்குப் போகிறேன் என்று எடுத்து வைத்த பாஸ்போர்ட் பீரோவில் சும்மா கிடந்தது. நான் முதல் தடவையே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இதுதான் நான் செய்த துரோகம்.

சரி, ஊர்க்கதை கேள். வீடு ரீம் தீவில், நாற்பத்தொன்றாவது மாடி. லிஃப்டில் ஏறினால் காது அடைத்துக்கொள்கிறது. எதிரில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. நான் வந்த அன்று பதினோரு மாடி, இன்று எண்ணினேன், பன்னிரண்டு. பஸ் நிறுத்தத்துக்கே ஏசி போட்டிருக்கிறார்கள். நேற்று ஆதிமூலத்தின் பெண் அபிநயா அரண்மனை மாதிரி ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப்போனாள். அங்கே காபி மேல் தங்கத்தூள் தூவித் தருகிறார்கள். நான் பார்த்ததோடு சரி. குடிக்கவில்லை.

உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? குடித்தேன். தூள் மேலுதட்டில் ஒட்டிக்கொண்டது. ருசி ஒன்றும் இல்லை, அங்கே என் சம்சாரம் ஹைமவதி போடுகிற காபியில் பாதிகூட இல்லை.

வந்த வேலையில்தான் சிக்கல். வீட்டுக்குள் புகை வந்தால் கட்டடம் முழுக்க மணி அடிக்குமாம். ஹோமத்தைப் பால்கனியில், சின்னக் குண்டத்தில், இருபது நிமிஷத்துக்குள் முடிக்கச் சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறார்கள். வீட்டுக்குள் அழைத்து வரவேண்டிய பசுவும் கன்றும்கூட வெள்ளிப் பொம்மைகள்தான். இன்னொரு கஷ்டம், இங்கே எந்த ஜன்னலில் நின்றாலும் மலை இல்லை. காலையில் எழுந்து எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சுற்றுகிறேன்.

வீட்டில் ஆதிமூலம், அவர் சம்சாரம் பச்சையம்மாள், பெண் அபிநயா மூன்று பேரும்தான். பிள்ளை ஒருவன் உண்டு என்று ஞாபகம். ஹாலில் அவன் படம்கூட இல்லை. ஏதோ கேட்கக்கூடாத விஷயம் போலிருக்கிறது, நானும் கேட்கவில்லை.

உன்னிடம் ஒரு உதவி. ஹோமம் 7ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. சங்கல்பத்துக்குக் குடும்பத்தார் பெயர், நட்சத்திரம், ராசி வேண்டும். ஆதிமூலத்தைக் கேட்டேன். "அதெல்லாம் சரவணன் சாமிக்குத்தான் மனப்பாடம், அவரையே கேளுங்க" என்று சொல்லிவிட்டார். எழுதி அனுப்பு.

மன்னிக்கு நமஸ்காரம்.

கைலாஷ்


திருவண்ணாமலை
1.2.2025

கைலாஷுக்கு,

தங்கத்தூள் காபி பற்றிப் படித்தேன். பூஜாவும் படித்தாள். "சித்தப்பாவுக்கு யோகம்பா" என்றாள். மத்தியானம் சாப்பாட்டில் எனக்கு உப்பு உறைக்கவில்லை. பொறாமையா என்று நீ கேட்பாய். ஆமாம். நான் மறைக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயசில் நான் பார்த்த அதிகபட்ச உயரம் செங்கம் ரோட்டில் அந்த வெள்ளைக்காரர் விடுதியின் மூன்றாம் மாடி. அதுவும் வாஸ்து பூஜைக்குப் போனது.

மூன்றாம் அழைப்பு பற்றி எழுதியிருந்தாய்.  உண்மை என்பதால்தான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

பட்டியல் கேட்டாய். எழுதிக்கொள்:

ஆதிமூலம், உத்திரட்டாதி, மீனம்.
பச்சையம்மாள், சுவாதி, துலாம்.
அருண்பிரசாத், கிருத்திகை, ரிஷபம்.
அபிநயா, பூரம், சிம்மம்.

இந்த வரிசையிலேயே சொல். பிள்ளை பெயரை விட்டுவிடாதே. யாருக்காகச் செய்கிறோம் என்று சாமிக்குச் சொல்கிற இடம் சங்கல்பம், அங்கே முணுமுணுக்கக் கூடாது. எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிக் கணீரென்று சொல்.

சரவணபவன்


திருவண்ணாமலை
6.2.2025

கைலாஷுக்கு,

பூஜா காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள், அதனால் சுருக்கமாக. நாளைக்கு ஹோமத்துக்கு உட்காருவதற்கு முன்னால் அந்தப் பட்டியலை ஒருமுறை ஆதிமூலத்திடம் காட்டிவிட்டால் நல்லது. காட்டாவிட்டாலும் ஒன்றுமில்லை. உன் இஷ்டம்.

இரண்டு நாளாகச் சரியாகத் தூக்கமில்லை. கால் வலிதான்.

சரவணபவன்


அபுதாபி
8.2.2025

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உன் கடைசிக் கடிதத்தை ஹோமம் முடிந்து சாயங்காலம்தான் பார்த்தேன். பட்டியலை யாரிடமும் காட்டவில்லை. காட்டாததும் நல்லதாகப் போயிற்று.

பால்கனியில் குண்டம் வைத்தோம். கீழே தண்ணீர் பச்சையும் நீலமுமாகக் கிடந்தது. கட்டடத்துக்காரர்கள் ஒரு ஆளை வாளியோடு நிறுத்தியிருந்தார்கள். ஆதிமூலத்தின் கம்பெனியிலிருந்து பெரிய மனுஷர்கள் பத்துப் பதினைந்து பேர். நான் சங்கல்பம் ஆரம்பித்தேன். அவர் பெயர் ஆயிற்று, அம்மா பெயர் ஆயிற்று. கிருத்திகா நட்சத்திரம், ரிஷப ராசி, அருண்பிரசாத் என்று நீ சொன்ன மாதிரிக் கணீரென்று சொன்னேன்.

ஆதிமூலத்தின் கை நின்றுவிட்டது. நெய்க்கரண்டி அப்படியே அந்தரத்தில். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் அடுத்த பெயரைச் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். அபிநயா தலையைக் குனிந்துகொண்டாள். பச்சையம்மாள் புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டார். பிறகு அதை எடுத்துவிட்டு, "சாமி, இன்னொரு தபா சொல்லுங்க" என்றார்.

நான் ஆதிமூலத்தைப் பார்த்தேன்.  கரண்டியை இறக்கி வைத்தார். "சொல்லுங்க சாமி. அவ கேக்குறா இல்ல" என்றார். சொன்னேன். புகையால் வந்த கண்ணீர் என்று எல்லோரும் துடைத்துக்கொண்டார்கள்.

பிறகு அபிநயா சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரியும். அருண்பிரசாத் பெங்களூரில் தனக்குப் பிடித்த பெண்ணைச் சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டானாம். அந்த வீட்டில் நாலு வருஷமாக யாரும் அவன் பெயரை எடுக்கக்கூடாது. நேற்றுச் சாப்பாடு முடிந்து விருந்தாளிகள் கிளம்பியதும் ஆதிமூலம் பெண்ணிடம் போய், "அவன் நம்பர் உங்கிட்ட இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். கண்ணாடி வழியாகப் பாதிதான் கேட்டது. "புது வூடு வாங்கிக்கிறேன். நாப்பத்தொண்ணாவது மாடி. ரெண்டு பேரும் எப்ப வரீங்க?" என்றார்.

பச்சையம்மாள் என் காலில் விழ வந்தார். நான் பதறிப்போய் எழுந்துவிட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பெத்த வூட்லயே சொல்லாத பேரு சாமி. சரவணன் சாமி மட்டும் மாசாமாசம் அண்ணாமலையார்கிட்ட சொல்லிக்கினே இருந்துக்கிறாரு. அதான் மறக்காம எழுதி அனுப்பிக்கிறாரு." பௌர்ணமியன்று உனக்குப் போன் செய்து நன்றி சொல்லப் போகிறார்களாம்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஹோமம் செய்தது நான். புகை குடித்தது நான். ஆனால் நேற்றிலிருந்து இந்த வீட்டில் பேச்செல்லாம் உன்னைப் பற்றித்தான். சின்ன வயசிலிருந்தே இப்படித்தானே? பாடசாலையில் நான் ஒரு மந்திரத்தைச் சரியாகச் சொன்னால்கூட "சரவணன் தம்பியாச்சே" என்பார்கள். கடல் தாண்டி வந்தும் நான் சரவணன் தம்பிதான். பொறாமை உனக்கு மட்டும் எழுதிவைத்த சொத்து இல்லை, அண்ணா.

கைலாஷ்


திருவண்ணாமலை
9.2.2025

கைலாஷ்,

இந்தக் கடிதத்தைப் பூஜாவிடம் கொடுக்க முடியாது. உன் எண்ணுக்குப் போட்ட தடையை எடுத்துவிட்டு நானே படம் பிடித்து அனுப்புகிறேன். ஓரம் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் அந்தப் பெயரை மாசாமாசம் சொல்லவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஆதிமூலம் எனக்குப் போன் செய்தார். "இனிமே அவன் பேரு வாணாம் சாமி" என்றார். சரி என்றேன். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அடுத்த பௌர்ணமியிலிருந்து நான் மூன்று பெயர்தான் சொல்கிறேன். வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஒரு நிமிஷம் மிச்சம் என்று நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

அப்படியானால் உனக்கு ஏன் நாலு பெயர் எழுதினேன்? வேண்டுமென்றேதான் எழுதினேன். அந்தப் பெயரைக் கேட்டால் ஆதிமூலம் கொதித்துப்போவார் என்று எனக்குத் தெரியும். பெரிய மனுஷர்கள் நடுவில் நீ கூனிக்குறுகி நிற்கவேண்டும். அடுத்த விமானத்தில் உன்னை ஏற்றி அனுப்பவேண்டும். பிறகு அவர் என்னைக் கூப்பிட்டு, "நீங்களே வந்திருக்கலாம் சாமி" என்று சொல்லவேண்டும். அவர் சொல்வதை மனசுக்குள் நாலைந்து தடவை கேட்டும் பார்த்துவிட்டேன். சுகமாக இருந்தது.

நாற்பது வருஷமாக அடுத்தவர் நன்மைக்காகப் பெயர் சொல்லுகிற வாய் இது. முதல் தடவையாக ஒருத்தன் கெட்டுப்போகட்டும் என்று ஒரு பெயரை எழுதிக் கொடுத்தேன். அதுவும் என் தம்பி. அதுவும் ஒரு வீட்டில் முதன்முதலாக மூட்டுகிற நெருப்பில். காலையில் மலையைப் பார்க்கத் திரும்பினால் வெட்கமாக இருக்கிறது.

அந்த அம்மா பௌர்ணமியன்று போன் செய்தால் நான் என்ன சொல்வது? நீயே அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடு. நான் ஊரில்தான் இருக்கிறேன், எல்லோரும் திட்டி முடித்த பிறகு நீயும் வந்து திட்டு.

சரவணபவன்


அபுதாபி
10.2.2025

அண்ணா,

நமஸ்காரம் போட மனசு வரவில்லை. உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன், முதல் வரியிலேயே சொல்லிவிடுவதை.

நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கீழே இறங்கிக் கடலோரம் நடந்தேன். எவ்வளவு தூரம் என்று தெரியாது. உன்னைக் கூப்பிட்டு நன்றாகக் கேட்கவேண்டும் என்று இருந்தது. என்னை இத்தனை பேர் நடுவில் தலைகுனிய வைக்க நினைத்தாயே, என் கல்யாணத்தில் எனக்கு மாலை எடுத்துக் கொடுத்த கைதானே அது? இன்னும் கோபம் போகவில்லை.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கோபத்தோடேயே சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் குளித்துவிட்டு வந்ததும் ஆதிமூலம் என் கையில் ஒரு சீட்டுக் கொடுத்தார். "சங்கல்பத்துக்கு இது போதும் சாமி" என்றார். அதில் மூன்று பெயர். பிள்ளை பெயர் இல்லை. உன் பட்டியலில் நாலு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெற்ற அப்பா அவசரத்தில் ஒரு பெயரை விட்டிருக்கலாம், கோபத்திலும் விட்டிருக்கலாம். எங்கள் அண்ணா ஒரு பெயரை விடவும் மாட்டான், இல்லாத பெயரைச் சேர்க்கவும் மாட்டான் என்று நினைத்தேன். அவர் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். உன்னுடையதைத்தான் படித்தேன்.

இவ்வளவுதான். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. உன் கடிதம் வந்த பிறகு எடுத்துப் பார்த்தேன், ஓரத்தில் நெய் பட்டிருக்கிறது.

இந்த வீட்டில் நான் எதுவும் சொல்லமாட்டேன். பச்சையம்மாள் புதன்கிழமை உன்னைக் கூப்பிடுவார். சொல்வதும் சொல்லாததும் உன் பாடு.

கைலாஷ்


திருவண்ணாமலை
13.2.2025

கைலாஷுக்கு,

மனசார ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆதிமூலத்தின் சீட்டை மடித்து வைத்துவிட்டு என்னுடையதை எடுத்தாய் பார், அது என்னால் தாங்கமுடியவில்லை. தாட்சாயிணி கேட்டாள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "கைலாஷ் வந்ததும் நானே ஒரு தடவை நமஸ்காரம் பண்ணப் போறேன், நீங்களும் பண்ணுங்கோ" என்றாள். மூத்தவன் எப்படிச் செய்வது என்று முறைப்படி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும். மத்தியானம் நான் வீட்டுக்கு வந்த நேரத்தில் பச்சையம்மாள் கூப்பிட்டார். நன்றி சொல்ல ஆரம்பித்தார். நான் நடுவில் நிறுத்தி, "அம்மா, நான் சொல்லலை. நாலு வருஷமா உங்க பிள்ளை பேரை நான் விட்டுட்டேன். இப்ப எழுதிக் கொடுத்ததும் நல்ல எண்ணத்துல இல்லை, தம்பி மேல பொறாமையில எழுதினேன்" என்றேன்.  

"வுடுங்க சாமி. பெத்தவ நானே நாலு வருஷம் வாயத் தொறக்கல. உங்கள என்னா சொல்றது?" என்றார். பிறகு, "நீங்க வந்திருந்தா அவரு சொன்ன மூணு பேர்தான் சொல்லியிருப்பீங்க இல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப நீங்க வராததே நல்லது சாமி" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் இரண்டு கன்னத்திலும் விழுந்த மாதிரி இருந்தது.

வைப்பதற்கு முன்னால் அவரே மருமகள் பெயரையும் சொன்னார். அருணாதேவி, அஸ்தம், கன்னி. அடுத்த மாதம் இரண்டு பேரும் அங்கே வருகிறார்களாம்.

பூஜா என் பெயரில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் முதல் தடவையே வருகிறேன் என்று சொல்வதற்காக. நீ வரும்போது ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வா. காசிக்கு என்று சொல்லி வாங்கு, ஆனால் எனக்குத்தான். அந்தக் காபி விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அது போக நாளாகும்.

சாயங்காலம் சன்னதியில் ஆதிமூலம் குடும்பத்துக்கு அர்ச்சனை செய்தேன். ஐந்து பெயர். வழக்கமாக அங்கே முடித்துவிட்டு அடுத்த தட்டை வாங்குவேன். நேற்று முடிக்கவில்லை. சதயம், கும்பம், கைலாஷ் என்று ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டேன். யாரும் தட்டு வாங்கித் தரவில்லை, நானாகத்தான் சொன்னேன். கணீரென்று சொல்லத்தான் நினைத்தேன், குரல் கம்மியாகத்தான் வந்தது. அடுத்த பௌர்ணமிக்கு நீ எதிரில் நின்று கேள்.

சரவணபவன்